சுனிதாவின் போனை நான் எடுத்தேன்

கண்ணு ஏழுமலை,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது. நம் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'வீரத் தம்பிக்கு ஓர் அக்காவின் வணக்கம்' என்று தலைப்பைக்கூட அவர்களே வைத்துவிட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீரம் என்ற சொல்லைத் தாண்டிப் பேனா நகரவில்லை. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் அனு மூன்றாவது பாஸாகிவிட்டாள். கணக்கில் உன்னை மாதிரி, எழுத்தில் அவள் அம்மா சுனிதாவை மாதிரி. வீட்டில் கிடந்த உன் பழைய கயிற்றைச் சுனிதா பால்கனியில் துணி உலர்த்தக் கட்டிவிட்டாள். "இவ்ளோ ஸ்ட்ராங்கான கயிறு அண்ணி, சும்மா எதுக்குக் கெடக்கணும்" என்றாள். கோபத்தில் சொன்னாளா, துக்கத்தில் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அனுவின் பள்ளிச் சட்டை அதில்தான் காய்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தளேகாவ் ஊரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் நீ. வீடு இருக்கும் தாபோடியில் லோக்கல் ரயில் ஏறிப் போய் வருவாய். ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டு, ஏழாம் நாள் மலையோடு. மழைக்காலத்தில் அருவி பார்க்க வந்து பள்ளத்தில் விழுகிறவர்களைக் கயிறு கட்டி இறங்கித் தூக்கிவரும் ஒரு தன்னார்வக் குழுவில் இருந்தாய். உயிரிருந்தால் ஆளாக, இல்லையென்றால் உடலாக. அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டே இருப்பாள்: "ஏழுமலைன்னு பேரு வெச்சது தப்பாப் பூட்ச்சு. எட்டாவது மலையத் தேடிக்கினு கீறான்." நாம் எல்லோரும் சிரிப்போம். நீதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பாய்.

உங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பு குழுவில் ஒருவர் கால் முறிந்து கிடந்தபோது, "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று அவர் வீட்டார் வந்து சண்டை போட்டார்களாம். அன்றிலிருந்து குழுத் தலைவர் கதம் சார் ஒரு விதி வைத்தார். இறங்கப் போகிறவன் கயிற்றை இடுப்பில் மாட்டியதும், மலை உச்சியில் நின்று வீட்டுக்குப் போன் போட வேண்டும். ஸ்பீக்கரில் கதம் சாரே மராத்தியில் கேட்பார்: "பாட்டவூ கா?" அனுப்பட்டுமா என்று அர்த்தம். வீட்டில் 'ஹோ' என்றால் இறங்கலாம். 'நகோ' என்றால் அவன் மேலேயே நின்று கயிறு பிடிப்பான், இன்னொருவன் இறங்குவான். யாரும் அவனைக் கேலி செய்யக் கூடாது.

நல்ல விதி என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் விழுந்தவனைப் பெற்றவள் அழும் சத்தம் போனில் கேட்கும்போது எந்த வீட்டில் 'நகோ' வரும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவிலிருந்து கூப்பிட்டார்கள். அனுவுக்கு மழை ஷூ வாங்கப் போகலாம் என்று நீ வாக்குக் கொடுத்திருந்த நாள். சுனிதா கத்தியிருக்கிறாள். நான் விஷ்ராந்த்வாடியில் இருக்கும் என் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது நீ கிளம்பிப் போயிருந்தாய். அவள் சமையலறையில் பாத்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பள்ளத்துல வுழுந்த பையன் செத்துப்போயி ரெண்டு நாளாச்சாம் அண்ணி. இனிமே தூக்கி இன்னா, தூக்காட்டி இன்னா? இன்னைக்குப் போன் வந்தா நகோதான். அவர்கிட்டயே சொல்லிட்டேன்."

"சொல்லு, சொல்லு. அவனுக்கும் அப்பத்தான் புத்தி வரும்" என்று நானும் ஒத்து ஊதினேன்.

பதினோரு மணி வாக்கில் கோதுமை டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அனுவையும் கூட்டிக்கொண்டு மாவு அரைக்கக் கிர்ணிக்குப் போனாள். போன் சார்ஜில் கிடந்தது. அவள் போன ஐந்தாவது நிமிடம் அது அடித்தது. எடுத்தேன்.

"வஹினி, பாட்டவூ கா?"

கதம் சாரின் குரல். பின்னால் மழை. மழைக்கும் பின்னால் ஒரு பெண்ணின் அழுகை. அண்ணி என்றுதான் அவர் கூப்பிட்டார், சுனிதா என்று நினைத்து. இல்லை சார், நான் அவன் அக்கா, சுனிதா வெளியே போயிருக்கிறாள், பத்து நிமிடம் பொறுங்கள். இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மராத்தி தெரியாதா என்ன? இந்த ஊரிலேயே பிறந்தவள்.

"ஹோ" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பத்து மாதமாக என்னையே கேட்கிறேன். அந்த அம்மாவின் அழுகைக்காக என்று முதலில் எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி என்ன தெரியுமா? அத்தனை பேர் நிற்கும் இடத்தில் என் தம்பி 'நகோ' வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பதா என்று ஒரு வீம்பு. நான் வேலை செய்யும் பள்ளி அலுவலகத்தில் உன் படம் வந்த பேப்பரை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். வருகிறவர்கள் எல்லோரிடமும், "என் தம்பி" என்பேன். அந்தப் பெருமையை விட மனசு வரவில்லை.

நீயும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாய். அக்கா குரல் உனக்குத் தெரியாதா? ஒரு நொடி நீ பேசாமல் இருந்தாய். பிறகு "சரி, வெச்சிடு" என்றாய், அவ்வளவுதான். அவள் 'நகோ' சொல்வாள் என்று தெரிந்தும், ஆள் மாறியது தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நொடியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஏமாற்றினோம். சின்ன வயதில் அம்மாவின் டப்பாவில் வெல்லம் திருடிய மாதிரி இருந்தது எனக்கு. சிரிப்புக்கூட வந்தது.

சுனிதா வந்தால் சண்டை வருமே என்று அந்த அழைப்பைப் போனிலிருந்து நானே அழித்தேன். மத்தியானச் சாப்பாடாவது நிம்மதியாக நடக்கட்டும் என்றுதான், வேறு எதுவும் நினைக்கவில்லை.

அவள் மாவு டப்பாவை இறக்கி வைத்ததும் கேட்டாள், "போன் வந்துச்சா அண்ணி?"

"இல்லியே."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "அப்போ எறங்கல. என் பேச்சுக்கும் ஒரு மரியாதை கீது, பாத்தீங்களா?" என்றாள். உனக்குப் பிடிக்கும் என்று வெங்காயம் நறுக்கிப் பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள். அனுவை மடியில் வைத்துக்கொண்டு தலை பின்னிவிட்டாள். இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் அவளைப் போலச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எல்லாம் என் பொய்யில்.

மூன்று மணிக்குச் சேதி வந்தது. நீ உடலை ஸ்ட்ரெச்சரில் கட்டி மேலே அனுப்பிவிட்டாய். நீ ஏறத் தொடங்கும்போது, மழையில் ஊறிய பாறையிலிருந்து ஒரு கல் பெயர்ந்தது. யார் மீதும் தப்பில்லை என்றார்கள். எனக்குத் தெரியும்.

இப்போது நிலைமை என்னவென்று சொல்கிறேன், கேள். நீ போனே செய்யாமல் இறங்கினாய் என்று சுனிதா நம்புகிறாள். சுனிதாதான் 'ஹோ' சொன்னாள் என்று கதம் சார் நம்புகிறார். காரியம் முடிந்து அவரும் குழுவினரும் வந்தபோது அவள் கதவையே திறக்கவில்லை. மாடிப்படியில் கதம் சார் என்னைப் பார்த்து, தன் வாயாலேயே அனுப்பிவிட்டோமே என்று வஹினிக்குத் தாங்கவில்லை, பாவம், அதனால்தான் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையாட்டினேன், ஏழுமலை. படியில் நின்றுகொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பட்டிமன்றமே நடத்தினார்கள். தியாகம் என்றார் ஒருவர். குழந்தை குட்டி இருக்கிறவன் செய்கிற வேலையா இது, சுத்த சுயநலம் என்றார் இன்னொருவர். அப்பா காலமெல்லாம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவரும் தினமும் சாவின் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் வந்து சாப்பிட்டார். அவரை யாரும் சுயநலம் என்று சொன்னதில்லை. வேலை என்றால் சாகலாம், ஆசை என்றால் சாகக் கூடாதா? பிணத்துக்காக ஓர் உயிர் போவது கடமையா, கிறுக்கா?

நீ ஒருமுறை என்னிடம் உண்மையைச் சொன்னாய். "சேவைன்னு சொல்றாங்கக்கா. அதெல்லாம் ஒண்ணுமில்ல. கீழ எறங்கும்போது மண்டைல எதுவுமே இருக்காது. ஃபோர்மேன் இல்ல, ஷிப்ட் இல்ல, நான்கூட இல்ல. கயிறு மட்டுந்தான். அது எனக்குப் புடிச்சிக்கீது." அப்படியானால் சுயநலம்தான். ஆனால் நீ வைத்தது உன் உயிரை. நான் அடுத்தவர் உயிரை வைத்து ஆடினேன், அடுத்தவள் வாயால் ஆடினேன். இதற்கு என்ன பெயர் என்று அந்தப் பட்டிமன்றக்காரர்கள் யாரும் சொல்லவில்லை.

நீ மேலே அனுப்பினாயே, அந்தப் பையனின் அம்மா ஒரு நாள் வந்தாள். சாதாரா பக்கத்து ஊராம். விலாசம் விசாரித்துக்கொண்டு தனியாக வந்திருந்தாள். சுனிதா வாசலிலேயே நிற்க வைத்து ஹிந்தியில் ஒன்றுதான் கேட்டாள்: "ஆப்கா பேட்டா தோ மில் கயா நா?" உங்கள் பிள்ளை கிடைத்துவிட்டான் அல்லவா என்று. அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுனிதா உள்ளே போய் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ செய்தது சரி என்று ஒரு நாள் எனக்குத் தோன்றினால், அது அந்த அம்மா கொள்ளி வைக்கவாவது பிள்ளையைப் பார்த்தாள் என்பதால்தான் தோன்றும். அந்த நாள் இன்னும் வரவில்லை.

போன வாரம் சுனிதா என்னிடம் சொன்னாள்: "செத்தது கூடப் பரவால்ல அண்ணி. ஒரு போன். ஒரே ஒரு போன். ஊரு முழுக்க வீட்டுல கேக்கறான், இவரு கேக்கல. நகோ சொல்வேன்னு தெரிஞ்சி கேக்காமலே எறங்கிட்டாரு. பத்து வருஷத்துல நான் அவ்ளோதான்." அழவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். உன் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அனு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஹிந்தி கலந்த அவள் தமிழ்தான் உனக்குத் தெரியுமே. "அத்தை, பப்பா மம்மிக்கு போன் நஹி பண்ணிச்சா? பப்பாவுக்கு நாங்க வேணாமா?"

"தெரியலடா கண்ணு" என்றேன்.

எட்டு வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நீ அவளைக் கேட்கத்தான் போன் செய்தாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், அதை என் வாயில் பூட்டி வைத்திருக்கிறேன். நீ செத்தது ஒரு தடவை. உன்னை அந்த வீட்டில் தினமும் நான்தான் கொன்றுகொண்டிருக்கிறேன். இதோ மே மாதம் முடியப் போகிறது. மேகம் கட்டுகிறது. உங்கள் குழு மறுபடி கயிறுகளை எடுத்து உதறும். இன்னும் எத்தனை வீடுகளில் போன் அடிக்கும்?

இவ்வளவும் எழுதிவிட்டேன், பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஏனென்று இப்போதுதான் புரிகிறது. சுனிதாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், ஓர் எழுத்துப் படிக்க வராது. அனுவுக்கும் வராது. கதம் சாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மலரை வாங்குகிற நூறு வீட்டுக்கும் தெரியும், தெரிய வேண்டிய மூன்று பேருக்கு மட்டும் தெரியாது. எல்லோர் முன்னாலும் சொன்ன மாதிரியும் ஆயிற்று, யாரிடமும் சொல்லாத மாதிரியும் ஆயிற்று. மன்னிப்புக் கேட்பதிலும் நான் பத்திரமான இடமாகப் பார்த்துத்தான் நின்றிருக்கிறேன்.

ஆகையால் இந்தத் தாளை இன்று மன்றத்துக்கு அனுப்பப் போவதில்லை. முதலில் தாபோடிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். அனுவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சுனிதாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். நடுவில் எழுந்து போகமாட்டேன். எந்த வரியையும் தாண்டமாட்டேன். படித்து முடித்ததும் இதை அவள் கையில் கொடுத்துவிடுவேன். அச்சுக்கு அனுப்புவதா, அடுப்பில் போடுவதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். இந்த முறை அவளுக்காக நான் பதில் சொல்லமாட்டேன். உன்னை அவள் மன்னிப்பாள், அது எனக்குத் தெரியும். என்னை மன்னிக்கமாட்டாள், அதுவும் தெரியும். போய்த்தான் ஆக வேண்டும்.

'வஹினி' என்று கூப்பிட்டபோது, இல்லை, நான் அவன் அக்கா என்று சொல்லாமல் போன,
உன் அக்கா
சரோஜா