ஸ்டிஃப், செட், ஹார்டன்ட்

மே 8, வியாழன்

நாளை எங்கள் புது வீட்டுக்கு மேல்தளக் காங்கிரீட். நான் வேலை செய்யும் ரெடிமிக்ஸ் பிளாண்டிலிருந்தே லோடு வருகிறது. அங்கே தரம் பார்ப்பது நான்தான். என் வீட்டுக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளலாம். அப்பா மூன்று காலண்டரைப் புரட்டி ஒன்பதே காலுக்கு நேரம் குறித்திருக்கிறார். லாரியிடம் யாரும் கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

லாரி வந்தது பத்து நாற்பதுக்கு. பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அப்பா கேட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டார்.

"பன்னண்டு வரைக்கும் ஒரு சொட்டு உழுகக்கூடாதுங்க."

டிரைவர் செங்கோடண்ணன் கெஞ்சினார். "வெயில் கொளுத்துதுங்க. லோடு செட்டாயிருமுங்க."

"கெட்டியாச்சுன்னா தண்ணி ஊத்திக்கலாமுங்க."

இதைச் சொன்னவரின் மகள் சிவில் டிப்ளமோ. பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

அது போதாதென்று, லாரி மேல் டிரம் சுற்றிக்கொண்டிருந்தாலே வேலை தொடங்கிய மாதிரிதானாம். அதையும் நிறுத்தச் சொன்னார். செங்கோடண்ணன் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நிறுத்துங்கண்ணா, அப்பா உட மாட்டாரு" என்றேன்.

நான்தான் சொன்னேன். டிரம் நின்றால் என்ன ஆகும் என்று அந்த இடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பன்னிரண்டு அடித்ததும் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, டிரம்மை ஓட்டினார்கள். அது அசையவில்லை. ஆறு கியூபிக் மீட்டர் காங்கிரீட், மிகச் சரியான நல்ல நேரத்தில், கல்லாக இருந்தது.

மே 10, சனி

மேனேஜர் சரவணக்குமார் படிவத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வெள்ளைக்காரன் இதற்கென்று படிப்படியாகப் பெயர் வைத்திருக்கிறான். 'ஸ்டிஃப்' என்றால் இளகாமல் இருக்கிறது, யார் மேலும் தப்பில்லை. 'செட்' என்றால் இறுகிவிட்டது, நேரத்தின் மேல் தப்பு. 'ஹார்டன்ட்' என்றால் ஒருவருக்கு வேலை போகும்.

"ஹார்டன்ட்னே போடும்மா. கீழ, டிரைவர் நெக்லிஜென்ஸ்."

"எங்கப்பாதான் சார் நிறுத்தச் சொன்னாரு."

"கஸ்டமர எப்படிம்மா எழுதறது? இன்னும் அந்தத் தளத்துக்கு லோடு போகணுமில்ல?"

நீ என்ன சொன்னாய் என்று என்னை அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. திங்களன்று தருகிறேன் என்றேன்.

மே 12, திங்கள்

டிரம்முக்குள் ஆள் இறங்கி பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும். வெளியில் நாற்பது டிகிரி. உள்ளே எவ்வளவு என்று அளக்க எங்கள் லேபில் கருவி இருக்கிறது, யாரும் அளக்கவில்லை. இறங்கியது செங்கோடண்ணன். லோடைக் கெடுத்தவனே உடைக்கட்டும் என்று உத்தரவாம்.

வெளியே வந்தவருக்குப் புருவம்கூட வெள்ளையாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"இந்தப் புழுதிக்குள்ள நீங்க எதுக்கு அம்மிணி வந்தீங்க? போங்க சாமி, இருமல் புடிச்சுக்கும்."

திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை? நான் தலையாட்டினால் சரியாக இருக்கும் என்று நம்பித்தானே நிறுத்தினார்? சீ. என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

மே 13, செவ்வாய்

தலைவலி என்று லீவு போட்டேன். தலைவலி இல்லை.

மே 14, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'ஹார்டன்ட்' என்றே போட்டேன், மேனேஜர் ஆசையைக் கெடுப்பானேன். காரணம் என்ற இடத்தில்: டிரம்மை நிறுத்தச் சொன்னவர் தர ஆய்வாளர் தேவிப்ரியா. கையெழுத்து, தர ஆய்வாளர் தேவிப்ரியா.

சரவணக்குமார் இரண்டு தடவை படித்தார். "பைத்தியமாம்மா உனக்கு? வேற பேப்பர் தர்றேன்."

வேண்டாம் என்றேன். படிவத்தை அவர் பக்கமே தள்ளினேன். இந்தப் பைத்தியத்துக்கும் ஆங்கிலத்தில் ஏதாவது பெயர் இருக்கும்.

மே 16, வெள்ளி

செங்கோடண்ணன் லாரிக்குத் திரும்பிவிட்டார். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பிளாண்டில் கடமை தவறாதவர்கள். இரண்டும் ஒரே நாளில் முடிந்தது.

அப்பாவிடம் சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். அதைக் குறைத்து, "நாஞ் சொன்னதுக்கு உன்னைய எதுக்கு அனுப்புனாங்க?" என்றார்.

"நீங்க சொன்னீங்க. நான் படிச்சிருக்கேனுங்கப்பா."

சாப்பிடாமல் எழுந்து போனார். நல்லது, குழம்பு மிச்சம்.

மே 25, ஞாயிறு

ஒன்பது நாளாக அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மா மூலம் காபி கேட்கிறார். நான் செய்தது தப்பா? இல்லை. ஆனாலும் தாங்க முடியவில்லை.

ஜூன் 4, புதன்

மறுபடியும் தளம். காலை பத்து மணிக்கு வர வேண்டிய லாரி வழக்கம்போல் பன்னிரண்டே காலுக்கு வந்தது. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். சித்தப்பா காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் பக்கத்திலிருக்கும் எங்கள் பழைய வீட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை.

செங்கோடண்ணன்தான் ஓட்டி வந்தார். இறங்கி, அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நேரம் சரியில்லீங்களே... ஒன்றரை வரைக்கும் நிக்கட்டுங்களா?"

அப்பா அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒருக்கா நிறுத்திப் பாத்தாச்சுங்க. என்ற புள்ள வேலையில்லாம ஊட்டுல உக்காந்திருக்குது. நீங்க ஊத்துங்க."

ஊற்றினார்கள்.