வலம் மேலாக மடித்த மின்னாடை

திரு நிலவுக. ஏழு குன்றும் ஓர் ஆறும் ஆளும் கருவேலி வேந்தர் செழுங்கோடர் திருமுன்னர், கீழ்க்கடல் தாண்டிச் சப்பானியத் தீவாம் கசுமி நாட்டு அவையில் முழங்கால் மடித்தே அமர்ந்து கால் மரத்துப்போன தூதன் எயினன் வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீர் நாடும் கிளையும் நலம் பெறுக.

தேவரீர் திருமகளார் நப்பின்னை நங்கையாரை இந்நாட்டு இளவரசருக்கு நிச்சயிக்கும் நாளுக்கென நம் பணிக்கூடத்தார் அனுப்பிய மின்னாடை வந்தது. இவர்கள் கிமோனோ என வழங்கும் மரபுடையில் மின்னிழை ஓட்டி, அணிந்தவர் நாடி துடிக்குந்தோறும் மார்பில் தாமரை ஒளிரச் செய்த நுட்பத்தை அடியேன் குறை சொல்லேன். ஆயின் இவ்வுடையில் இடப்பக்கமே மேலே வர வேண்டும் என்று முன்னமே ஓலை விடுத்திருந்தேன். மங்கல உடையில் இடம் மேலாவதா என்று நம்மவர் நகைத்து, வலப்பக்கம் மேலே வந்தால் மட்டுமே மின்கொக்கிகள் பொருந்துமாறு தைத்துவிட்டனர். இங்கே வலம் மேலாக மடித்து உடுத்துவது பிணத்துக்கு.

ஒளிராவிடில் தேவரீர் பரிசுக்கு இழிவென உடன்வந்தோர் வற்புறுத்த, நங்கையார் அவ்வாறே உடுத்தி அவையேறினார். தாமரை அழகாகவே ஒளிர்ந்தது. பார்க்கத்தான் ஒருவருமில்லை, அனைவரும் முகம் திருப்பிக்கொண்டனர்.

இளவரசரின் தாயாராம் அரசி சயோ, மணம் இல்லை என்றார். அடியேன் பாயில் நெற்றி பதித்து விளக்கி விளக்கி நா வறண்டேன். உயிருள்ளவர் உடுத்தாத மடிப்பில், உயிருள்ளவர் நாடிக்கு மட்டுமே ஒளிரும் ஆடையை யாருக்காகச் செய்தீர்கள் என அரசியார் வினவினார். களைத்துப் போனேன், வேந்தே.

நங்கையார் திரைக்குப் பின் சென்று, இடம் மேலாக மடித்து வந்து நின்றார். தாமரை அணைந்திருந்தது. அரசியார் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பற்றி நெடுநேரம் விடாதிருந்தார். பின்னர் தம் பெண்டிரை நோக்கி, பிள்ளைக்கு நாடி படபடக்கிறது, சூடாகத் தேநீர் கொணர்க என்று பணித்தார். மணம் நிகழும்.

ஆகவே திருத்திய ஆடை என்று இன்னொன்று அனுப்பற்க. வாங்கி விளக்கம் சொல்ல அடியேனுக்கு இனி வலுவில்லை. பரிசு எதுவும் வேண்டா, தந்தையார் தாமே ஒருமுறை வந்து மகள் கையைப் பற்றிப் பார்க்கட்டும் என்கிறார் நங்கையார்.

இது தூதன் விண்ணப்பமன்று. கசுமி நாட்டு வருங்கால அரசியின் ஆணை. அவர் மோதிரமே இங்கு முத்திரை.