அப்பாவின் பெயர்

மணிமங்கலம்,
20.2.1975

சகாயத்தின் அப்பாவுக்கு அருள்மேரி எழுதுவது.

மாதா துணையால் நானும் பாப்பாவும் சுகம். கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீங்கள் சொன்னபடி பாப்பாவைப் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டேன். மதராஸில் ஓர் ஆஸ்பத்திரி. வியாழன்தோறும் தாம்பரம் போய் ரயில் ஏறுகிறோம். டீச்சர் பெயர் சுந்தராம்பாள். நாக்கில் குறை ஒன்றும் இல்லையாம். ‘ச’ வரும்போது பல்லுக்கு நடுவில் நாக்கை நீட்டுகிறாளாம். அதனால்தான் தன் பேரைக்கூட ‘தகாயமேரி’ என்கிறாள். பல்லைச் சேர்த்து வைத்து, சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல ஊதச் சொல்கிறார். கண்ணாடி முன்னால் நானும் கூட ஊத வேண்டும். பஸ்ஸிலும் ஊதிக்கொண்டே வருகிறாள். கண்டக்டர், “இன்னாம்மா, டயரு பஞ்சரா?” என்று கேட்டார்.

உருக்காலையில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததா? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அருள்மேரி


பிலாய்,
11.3.1975

அன்புள்ள அருள்மேரிக்கு,

நலம். குவார்ட்டர்ஸ் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அவசரம் வேண்டாம். இங்கே கான்வென்ட்டில் பிள்ளையைப் பேசவைத்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். கிறிஸ்மஸ் அன்று கோயில் வாசலில் நம்மூர் யாக்கோபு அவளிடம் பேர் கேட்டுவிட்டுச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. இங்கேயும் அப்படி ஆகக் கூடாது. பேச்சு சரியாகட்டும். உடனே வந்து இரண்டு பேரையும் கூட்டிப்போகிறேன்.

ஏசுதாஸ்


மணிமங்கலம்,
6.3.1976

சகாயத்தின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்கு ‘ச’ வந்துவிட்டது. நேற்று நரசிம்மன் கடையில் சர்க்கரை கேட்டாள். இவ்வளவு நாளும் ‘தர்க்கரை’ கேட்டே பழகியவர், “இன்னா பாப்பா சொன்ன? இன்னொருவாட்டி சொல்லு” என்றாராம். சர்க்கரை, சீரகம், சோப்பு என்று கடையில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எந்தத் தேதி வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வருஷத்தில் நீங்கள் போட்டது இரண்டே கார்டு.

அருள்மேரி


பிலாய்,
19.4.1976

அன்புள்ள அருள்மேரிக்கு,

விவரம் அறிந்து சந்தோஷம். ஆனால் இங்கே எல்லாம் இந்திதான். அது தெரியாமல் வந்தால் அவளைப் பார்த்து மறுபடியும் சிரிப்பார்கள். உனக்கும் கஷ்டம். அங்கேயே இரண்டு பேரும் இந்தி படியுங்கள். பிறகு பார்க்கலாம்.

ஏசுதாஸ்


மணிமங்கலம்,
11.6.1976

ஏசுதாசுக்கு,

பேரைப் போட்டு எழுதியதைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள்.

நேற்றுதான் பாப்பாவுக்குக் கடைசி வகுப்பு. ‘ச’ ஒரு தடவையும் ‘ஸ்’ ஒரு தடவையும் வருகிற பேர் ஒன்று சொல்லும்படி டீச்சர் என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை.

“அது அவங்கப்பா பேருங்க” என்றேன்.

“அதனால இன்னாம்மா? நீ சொன்னாத்தானே கொழந்த சொல்லும்?”

கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். பாப்பா பிசிறில்லாமல் திருப்பிச் சொன்னாள். பிறகு, “யாரும்மா அது?” என்று கேட்டாள்.

“உங்கப்பா.”

“அப்பாவுக்குக்கூடப் பேரு இருக்குதா?”

டீச்சர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ரயிலில் வரும்போது மனசுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். வேறு யாருடைய பேரோ போல இருந்தது. கோபமாகக்கூட இல்லை.

பாப்பாவை ஸ்ரீபெரும்புதூரில் கன்னியர் பள்ளியில் சேர்த்துவிட்டேன். எனக்கும் அங்கேயே ஆயா வேலை கொடுத்திருக்கிறார்கள். இந்தி படிக்கப்போவதில்லை. பிலாய்க்கும் வரமாட்டோம்.

அவளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். வந்தால் அவளைப் பேசவைத்துப் பார்க்காதீர்கள், அவளோடு பேசுங்கள்.

அருள்மேரி