பிரியாவின் ஜாடை

விருத்தாசலம்,
14.3.2005

சண்முகப்ரியாவின் அப்பாவுக்கு, வாசுகி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் குழந்தையும் சுகம். ஷார்ஜாவில் வெயில் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னீர்கள். நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மாசிமகத்தன்று நடந்ததை அத்தை உங்களிடம் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. பழமலைநாதர் கோயில் வாசலில் குழந்தைக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தேன். உறவுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். "தாயை உரிச்சு வெச்சிருக்குது. எம்புள்ள ஜாடை எங்க இருக்குது, நீங்களே தேடிப் பாருங்க" என்றார்கள் அத்தை. உங்கள் சித்தப்பா நிஜமாகவே குழந்தையின் முகவாயைத் தூக்கிப் பார்த்தார்.

அடுத்த வாரம் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு, கருவுறாமலே விதை வைக்கும் செடிகளைப் பற்றிய பாடம். பீங்கான் கம்பெனிக்குப் பின்னால் களிமண் மேட்டில் முளைத்திருந்த கொழுக்கட்டைப் புல்லில் ஒரு கதிர் பறித்துப் போயிருந்தேன். இதன் விதையிலிருக்கும் கருவில் ஆண் பங்கு கிடையாது, முளைப்பது தாயின் அச்சாகவே இருக்கும் என்றேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி, "ஒங்க பாப்பா மாதிரியா டீச்சர்?" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது பேச்சு. கதிரை மேசைமேலேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

புல்லுக்கு நடப்பது மனுஷிக்கு நடக்காது. இதை உங்களுக்குமா நான் பாடம் எடுக்க வேண்டும்? நீங்கள் லீவில் வந்திருந்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை.

பரிசோதனைக்குச் சம்மதம். நீங்களும் வந்து ரத்தம் கொடுங்கள். முடிவை அத்தையிடம் காட்டுங்கள், எனக்கு வேண்டாம். உங்கள் வீட்டை விட்டு வந்துவிட்டேன். ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன வீடு. முடிவைப் பார்த்த பிறகுதான் மகள் என்று தோன்றுமானால், இந்த வாசலுக்கு வராதீர்கள்.

பிரியா இப்போது மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். கண் முழுசாக மூடவில்லை, பாதி திறந்தே கிடக்கிறது. அவ்வப்போது பல்லைக் கடிக்கிறாள். நான் இப்படித் தூங்குகிறவள் இல்லை. உங்கள் ரூமில் கூடப் படுக்கிறவர்களிடம், நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
வாசுகி