வடக்கு மூலையின் பச்சைத் தண்ணீர்

பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பதாக உன் தங்கை சொன்னாள். நலமாக இருப்பவன் அதைத் தன் கையாலேயே எழுதலாம். பெற்றவளுக்கு எதற்குத் தூது?

இங்கே எல்லாரும் சௌக்கியம். குழாய்த் தண்ணீரில் இன்னும் மண்வாடை போகவில்லை. குடிப்பதற்கு லாரிதான் வருகிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரி வரிசையில் என் காதுபட, "மீன்காரர் வீட்டம்மாவுக்கும் லாரித் தண்ணிதானா?" என்றாள். "உனக்கு முன்னாடிதானே நிக்கறேன், தெரியலையா?" என்றேன்.

வீட்டை விட்டுப் போகிற அன்று வாசலில் நின்று, "ஆய்வகத்துல வேற ஆளே இல்லையா? கட்டினவளே எனக்கு எதிரா அறிக்கை எழுதணுமா?" என்று கேட்டாய். வேறு ஆள் இல்லைதான். நீர்த்தேக்கத்தில் உன் மீன் கூண்டுகள் மிதக்கும் வடக்கு மூலையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள், மேலதிகாரி மறுத்துவிட்டார். இதை எனக்குச் சொன்னவரும் அவர்தான். அவள் இல்லை.

மருமகள் எழுதினாள் என்பதற்காக எதையும் நம்பிவிடுகிறவள் இல்லை நான். அதனால் நானே ஆய்வகத்துக்குப் போனேன். நான் படித்த கன்னியர் பள்ளியில் நுண்ணோக்கியைத் தொடுமுன் கைகளை நீட்டிக் காட்ட வேண்டும். இங்கே யாரும் கேட்கவில்லை, நானாகக் கழுவிக்கொண்டேன்.

முதலில் ஆறு வந்து சேரும் இடத்துத் தண்ணீர். ஒரு சொட்டுக்குள் ஒரு சந்தையே கூடியிருந்தது. படகு போல, சீப்பு போல, நட்சத்திரம் போலப் பாசிகள். அவற்றை மேய்ந்தபடி, வாயில் சக்கரம் சுழலும் சின்னஞ்சிறு உயிர்கள். அடுத்தது உன் கூண்டுகளின் அருகே எடுத்தது. வாரப்படாத தலைமுடி போல நீலப்பச்சைப் பாசி, அது மட்டும். மேய வருபவை அதைத் தின்பதுமில்லையாம்.

பச்சைத் தண்ணீர் மீனுக்குத் தாய்ப்பால் என்பாய். நீ கரையில் வெட்டிய குளத்துக்கு அது சரி. அதே கைப்பழக்கத்தில் நீர்த்தேக்கத்திலும் உரத்தைக் கொட்டினாய். மிஞ்சிய தீவனமும் மீன் கழிவும் சேர்ந்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் அளவுக்கு மீறிப் போயின. வேகமாகப் பெருகத் தெரிந்த ஒன்று மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டது. இரவில் தண்ணீரிலுள்ள காற்றை அது இழுத்துக்கொள்ள, விடியலில் உன் மீன்கள் வாய் பிளந்து மேலே வந்தன. நீ அதை நோய் என்று நினைத்து மருந்து வாங்கினாய்.

ஆற்றோர வயல்களின் உரமும் நகரத்துச் சாக்கடையும் கூடக் காரணம் என்று அவளே எழுதியிருக்கிறாள். பழி முழுவதையும் உன் தலையில் கட்டவில்லை. ஆனால் ஊருக்குக் குடிநீர் எடுக்கும் குழாய் இருப்பது உன் மூலையில். அந்தப் பாசியில் விஷம் கக்கும் வகையும் உண்டு. தெரிந்தும் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் அவளை நான் இந்த வீட்டில் மதித்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கூண்டுகளைக் கரையேற்ற வேண்டும் என்று நீர்த்தேக்க அதிகாரியின் உத்தரவு. நீ வராவிட்டால் அவர் அமர்த்திய ஒப்பந்தக்காரர் வலைகளை அறுத்து இழுத்துவிடுவார். மீனும் போகும், கூண்டும் போகும். உன் அப்பா போன பிறகு நான் யார் முன்னாலும் போய் நின்றதில்லை. இப்போது உனக்காக அவகாசம் கேட்டு நின்றேன். என் மகன் வருவான் என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல் தவறி எனக்குப் பழக்கமில்லை.

உன் மனைவி வேலைக்குப் போகிறாள், வருகிறாள், தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். உனக்கு எழுதப் போகிறேன், ஏதாவது சேர்க்கட்டுமா என்று கேட்டேன். பாத்திரத்தைத் துலக்கி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை படகு ஓட்ட நான் இருக்கேன்னு எழுதுங்க அத்தை" என்றாள்.

எழுதிவிட்டேன். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா