மூன்று கடை, ஒரே அடுப்பு

ஆவணி 5, வியாழன்

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. மாலையில் பழவங்காடியில் சுப்பையா அண்ணன் கடைக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கப் போனேன். சரக்கு தீர்ந்திருந்தது. எதிர்க் கடையைப் பார்த்துக் கை காட்டினார். அங்கிருந்து பொட்டலம் வந்தது.

"போட்டிக் கடையிலிருந்தா வாங்கித் தரீங்க அண்ணா?"

"என்ன போட்டி டீச்சரே? அது என் வீட்டுக்காரி பேருல இருக்கு. வலியசாலை கடை மச்சான் பேருல. மூணுக்கும் அடுப்பு ஒண்ணுதான். எல்லாம் ஒரே பேருல கிடந்தா வரி ஆபீஸ்காரன் இங்கேயே பாய் விரிச்சுப் படுத்துருவான், அல்லே?" சிரித்துக்கொண்டே வெல்லம் போட்ட வாழைக்காய் உப்பேரி ஒரு பிடி சும்மா கட்டித் தந்தார்.

சிறு கடைகளைப் பற்றிய ஆய்வுக்காக நான் கேள்வித்தாளோடு போனபோது மூன்று கடையிலும் மூன்று பேர் தனித்தனி முதலாளிகளாகப் பதில் சொன்னார்கள். வருடக்கணக்கில் வளராத கடைகளுக்கு என் கட்டுரையில் அவைதான் உதாரணம். உண்மையில் ஒரு கடை மூன்றாக வளர்ந்திருக்கிறது. இன்னும் எத்தனை கடைகளை இப்படித் தவறாக எழுதியிருக்கிறேனோ.

நாளை காலை கருத்தரங்கில் வாசிக்க வேண்டும். திருத்தினால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வரித்துறைக்காரர்களும் அங்கே இருப்பார்கள். அண்ணன் என்னை நம்பித்தான் சொன்னார். திருத்தாவிட்டால் தெரிந்தே பொய்யை வாசிப்பேன்.

உப்பேரிப் பொட்டலத்தைப் பிரிக்கவே மனம் வரவில்லை. கட்டுரையில் 'வளரவில்லை' என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.