மணவறையோடு போன புயல்பட்டிகள்

செப். 18, வியாழன்

விடியலிலிருந்து மழை. சகல லோகங்களுக்கும் இத்தால் அறிவிப்பது: இந்தக் கொப்பியில் இனி வரப்போகும் கதையை ஒரு சீவனும் நம்பாது. நம்புகிறவருக்கு என் அரண்மனையில் பாதி.

அரண்மனை என்பது ஃபியோர்ட் கடற்கரை விடுமுறை முகாமில் நிற்கும் என் பழைய கரவன், வண்டிவீடு. ஒஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரம். சில்லு இரண்டு, யன்னல் மூன்று. இன்று முதல் தங்கை மகள் துளசி அங்கே தனியே. ஆய்வேடு எழுதுகிறாள். வீட்டில் தாயின் டிவி நாடகச் சத்தம் தாங்க முடியவில்லையாம்.

மத்தியானம் போன்.

"மாமா, பக்கத்து வண்டியளிலை எல்லாம் கூரைக்கு மேலாலை பட்டி போட்டு நிலத்தோடை இழுத்துக் கட்டியிருக்கு. எங்கடையிலை காணேல்லையே?"

"எங்கடை அடியாலை, மகள். பூமியின்ரை அச்சிலை கொக்கி போட்டுக் கொழுவி வைச்சிருக்கிறன். நோர்வே பறந்தாலும் கரவன் நிக்கும்."

சிரித்தாள். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகும்.

புயல்பட்டி இரண்டையும் போன சனி நானே கழற்றினேன். கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடும் குமாரின் மணவறையை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டிக் கலியாண மண்டபத்துக்குக் கொண்டுபோக. தூண் நாலு, யானைத்தலை இரண்டு. நெடுஞ்சாலையில் யானை பறந்தால் மானம் போய்விடும் அல்லவா. யானைகள் பத்திரம்.

வாங்க: கறிவேப்பிலை (குறொன்லாண்ட் கடையில்), மனிசிக்குக் கண்சொட்டு.

செப். 19, வெள்ளி

இடி முழக்கம் இல்லை, மஞ்சள் புயல் எச்சரிக்கை செம்மஞ்சள் ஆகிவிட்டது, அவ்வளவுதான். நாளை மத்தியானத்துக்குப் பிறகு காற்று. முகாம்காரரின் செய்தியைத் துளசி எனக்கும் அனுப்பினாள்: முன்கூடாரத்தை இறக்கு. காஸைப் பூட்டு. பட்டியை இறுக்கு. கட்டாத வண்டிக்குள் ஒருவரும் இருக்க வேண்டாம், காற்று வருமுன் குளியலறைக் கட்டடத்துக்குப் போ.

கீழே அவள்: "எங்களுக்குப் பயமில்லை. பூமி அச்சு 😄"

குமாருக்கு அடித்தேன்.

"அண்ணை, மணவறை நேற்றே ஸ்தவாங்கருக்குப் போயிட்டுது. அங்கை ஒரு கலியாணம். உங்கடை பட்டியோடைதான் போனது."

புதிது வாங்கலாம். மனிசிக்குக் காரணம் சொல்ல வேண்டும். பழைய பட்டி அவள் தேடி வாங்கியது. "அந்தப் பிள்ளை தனிய. எல்லாம் கட்டிக் கிடக்குத்தானே?" என்று இரவுச் சாப்பாட்டில் கேட்டாள். ஓம் என்றேன்.

செப். 20, சனி

மனிசி காரோடு வேலைக்கு. நான் பஸ்ஸில் ஸ்ட்ரோம்மன். கடையில் புயல்பட்டி முடிந்துவிட்டது. புத்தியுள்ள சனம் நேற்றே அள்ளிவிட்டது.

11.10. துளசிக்கு உண்மையைச் சொன்னேன்.

"மகள், பட்டி இல்லை. ஒண்டுமே கட்டேல்லை. வெளியாலை போ."

"மாமா, போன கிழமை திமிங்கிலம் உங்களுக்குக் கை காட்டினது எண்டியள். நான் எழுத வேணும்."

"அம்மாணை, சத்தியம்!"

"திமிங்கிலத்துக்கும் அம்மாணைதான் சொன்னியள்."

நம்பவில்லை. நான் என்ன செய்ய.

12.30. மனிசிக்கு அடித்தேன். கழற்றியது, மறைத்தது, எல்லாம். அவள்: "உங்களோடை பிறகு கதைக்கிறன்." அவள் எடுத்துச் சொன்னதும் துளசி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக் கட்டடத்துக்கு ஓடினாளாம். மாமிக்குப் பகிடி வராது என்று அவளுக்குத் தெரியும்.

1.20. காற்று. கரவன் எழும்பி ஃபியோர்டை மூன்று தரம் வலம் வந்து, கடற்பறவைகள் ஒதுங்கி வழிவிட, டென்மார்க்கை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

செப். 21, ஞாயிறு

நல்ல வெயில். போய்ப் பார்த்தோம்.

எங்கும் பறக்கவில்லை. நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. அவள் எழுதிய மேசைப் பக்கம் கீழே. குளிர்பெட்டி பிடுங்கிக்கொண்டு போய் அவள் இருந்த இருக்கையின் மேல். கட்டியிருந்த அயல் வண்டிகளில் ஒரு கீறலும் இல்லை.

தங்கை போனில். ஸ்பீக்கரில் போட்டாள் துளசி.

"அண்ணை பட்டி கட்டினவர்தானே?"

துளசி என்னைப் பார்த்தாள். "ஓம் அம்மா. அறுந்திட்டுது."

"அண்ணை இருந்தபடியாலை தப்பினாய்."

நான் வாயைத் திறக்கவில்லை. நான்!

திரும்பி வந்து இதை எழுதுகிறேன். டென்மார்க் பொய். கடற்பறவைகள் பொய். சனிக்கிழமைக் குறிப்பில் நான் எழுதாமல் விட்ட ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. அம்மாணை என்றதும் துளசி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். "சரி சரி, பகிடிதான் மகள், நீ எழுது" என்று சொல்லித்தான் போனை வைத்தேன்.